கால் மடிப்பு

தையல்காரருக்கு இரண்டு காரியங்களில் கர்வம் உண்டு. ஒன்று, அவர் தைக்கிற பேன்ட்டின் கால் மடிப்பு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போய் வேலை செய்கிற புல்வெளிக் குழு. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தைத்ததுதான் வினையாகிவிட்டது.

ஊருக்கு மேலே மலை முதுகில் அந்தப் பொதுப் புல்வெளி கிடக்கிறது. இடுப்பளவு புல், எப்போதும் காற்று, நடுநடுவே எல்லைக் கற்கள். அதற்குக் கீழே சாலையை ஒட்டிய சரிவில்தான் பிரச்சினை. சாலை போட வந்த லாரி மண்ணோடு ஒரு களையும் வந்து இறங்கியது. உச்சியில் உருண்டையாக மஞ்சள் பூ பூக்கும். குழுவில் அதற்கு மஞ்சத்தலை என்று பேர். ஓரிடத்தில் வேர்விட்டால் மூன்று வருஷத்தில் அங்கே புல் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது. வனக்காவலர் ஒருவர் உண்டு. ஆனால் ஒற்றை ஆள், அவர் பொறுப்பில் மூன்று மலை. அதனால்தான் ஊரில் மனசு வந்தவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தலைவர். தையல்காரர் செயலாளர்.

வேலைக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். காலையில் கீழ்ச்சரிவு. குனிந்து, மண்வெட்டி முனையால் வேரை நெம்பி, செடியை முழுசாகப் பிடுங்கிச் சாக்கில் போட வேண்டும். காய் முற்றியிருந்தால் கை பட்டதும் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். கடுகில் பாதிகூட இருக்காது, கறுப்பாக, வழுவழுவென்று. பத்து மணிக்குக் கொட்டகையில் தேநீரும் ரொட்டியும். அப்புறம் மேலே புல்வெளிக்குப் போய், இரண்டு கை அகல இடைவெளி விட்டு வரிசையாக நின்று, கல்லிலிருந்து கல் வரைக்கும் நடந்து, புதிதாக ஏதும் முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே போகும் வாசலில் ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு முரட்டுப் பிரஷ்ஷும் இருக்கும். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணோடு விதை மேலே போய்விடக் கூடாது என்பதற்காக. அங்கே நிற்பது தையல்காரர்தான். பல் டாக்டர் வாயைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை பேக்கரிக்காரரின் குதிகாலில் சுண்டுவிரல் நகமளவு சேறு இருந்ததற்கு அவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். பேக்கரிக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வேலைன்னா வேலையா இருக்கணும்" என்று தையல்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குழு ஆரம்பித்த முதல் வருஷம், எல்லோருக்கும் ஒரே மாதிரி சீருடை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கனத்த பச்சைத் துணி வாங்கி, பதினைந்து பேன்ட் தைத்தார். கூலி வாங்கவில்லை. பாதத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிட்ட கால். அந்தக் காலத்து வெட்டு. இப்போது யாரும் கேட்பதில்லை, தைப்பதுமில்லை. "மடிப்பு இருந்தாத்தான் பேன்ட்டு விழற விதத்துல விழும்" என்பார். எல்லோரும் போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்றபோது அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

மறுவருஷம் மேலே மஞ்சத்தலை வந்தது.

எப்படி வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. ஷூவெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பிரஷ் தேய்ந்து இரண்டு முறை மாற்றியாயிற்று. அப்புறம் எப்படி? மேலே போகிற வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால், ஆட்டுக்காரம்மா ஒருத்திதான். அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு நாற்பது ஆடு மேய்க்கிறவள். கணவன் படுக்கையில். ஒரே மகள் பக்கத்து ஊர் விடுதியில் படிக்கிறாள். ஆடு கீழே காயைத் தின்று மேலே புழுக்கை போட்டிருக்கும் என்று முதலில் சொன்னவர் தையல்காரர்தான். சொன்னதோடு நிற்கவில்லை, மனுவும் அவர்தான் எழுதினார்.

மனுவைப் படித்த குழுக் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள். "என் ஆடு அதை மோந்துகூடப் பாக்காதுங்க, கசப்பு" என்றாள். "ஏன், ஆடு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்று தையல்காரர் கேட்டார். கொட்டகையே சிரித்தது. அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தாள். அடுத்த மாதம் அனுமதி ரத்தானது. ஆடுகளை விற்றுவிட்டு அவள் உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள் என்று கேள்வி. அத்தோடு தையல்காரர் அதை மறந்தும் போனார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை விட்ட நேரம், அவருடைய மனைவி கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டாள். முன்னறையில் அவர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அவர் வெட்டித் தைப்பார், அவள் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். துவைக்கிற வேலையும் அவளுடையதுதான்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"கையில வேலையா இருக்கேன். அப்புறம் வரேன்."

"வேலை ஓடிப் போயிடாது. வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் வழிந்தோடும் ஓரமாக, ஏழெட்டு மஞ்சள் உருண்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"இது எப்ப மொளச்சது?"

"போன வருஷமே ரெண்டு இருந்துச்சு. பூ பாக்க நல்லா இருக்கேன்னு விட்டேன். இப்ப என் புதினாவைத் தின்னுடுச்சு. அதான் கூப்பிட்டேன்."

"அடிப்பாவி, இதுதான் மஞ்சத்தலை. நாங்க உயிரை விட்டுப் புடுங்கறது இதைத்தான். இது எப்படி இங்க வந்துச்சு? இந்தப் பக்கம் ஆடுகூட வராதே."

"ஆடு வராது. உங்க பேன்ட்டு வருதுல்ல."

"பேன்ட்டா?"

அவள் நனைக்கப் போட்டிருந்த பச்சைப் பேன்ட்டை எடுத்தாள். கால் மடிப்பைக் கட்டைவிரலால் கீழே தள்ளிவிட்டு, கல்லின்மேல் தட்டினாள். மண், ஒரு புல் துண்டு, அதோடு கறுப்பு விதைகள். ஒன்றிரண்டல்ல, ஒரு சிட்டிகை தேறும்.

"வாராவாரம் இதே கதைதான். தட்டாம நனைச்சா தண்ணியெல்லாம் சேறாகுது. இந்த மடிப்பை எடுத்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'உனக்கு வெட்டைப் பத்தி என்ன தெரியும்'னு ஒரு தடவை கேட்டீங்க. அப்புறம் நான் ஏன் பேசறேன்?"

தையல்காரர் கடைக்குள் ஓடினார். தையல் விட்டுப்போனது, முட்டி கிழிந்தது என்று குழுவினர் கொடுத்துவைத்திருந்த பேன்ட்கள் ஆறு அங்கே இருந்தன. தரையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு மடிப்பாக இறக்கித் தட்டினார். வாத்தியாருடையதில் இருந்தது. நர்ஸம்மாவுடையதில் இருந்தது. பேக்கரிக்காரருடையதில் நிறைய இருந்தது. சேற்றுக்காக வீட்டுக்கு அனுப்பிய பேக்கரிக்காரர்.

அப்போதுதான் அந்த வரிசைகள் ஞாபகத்துக்கு வந்தன. மேலே களை முளைத்திருந்தது கோடு கோடாக. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இரண்டு கை அகலம். கல்லிலிருந்து கல் வரைக்கும். நர்ஸம்மா ஒருநாள் கேட்கக்கூடச் செய்தாள், "யாரோ வெதச்ச மாதிரி இருக்கே டெய்லர்" என்று. "ஆடு ஒன்னு பின்னால ஒன்னுதானேம்மா போகும்" என்று இவர் பாடம் எடுத்தார். நேர்த்தையல் எது, கோணல் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற கண். அந்தக் கண்ணுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். செய்தித்தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

"அப்ப ஆடு இல்ல" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"யார் இருக்கா இங்க?"

"நாளைக்கே மிச்சப் பேன்ட்டையும் வாங்கிட்டு வந்து மடிப்பைப் பிரிச்சுடறேன். முள்ளுல மாட்டுது, அதனால எடுத்துடறேன்னு சொல்லிக்கலாம். இனிமே மேலே போகாது. காரியம் முடிஞ்சுது."

"அந்தம்மா?"

"அவங்கதான் ஆட்டை வித்துட்டாங்களே. இப்பப் போய்ச் சொன்னா வித்த ஆடு திரும்பி வருமா?"

"ரொட்டிக் கடையில அவங்களப் பாக்கறேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறாங்க. எதுக்குடா இந்தப் பொம்பள இப்படிக் குனியறான்னு நெனப்பேன்."

"உனக்கு ஒன்னும் புரியல. குழுவுக்கே கெட்ட பேரு. பதினஞ்சு பேரு தலையும் தொங்கிடும். நல்லது செய்ய வந்தவங்கம்மா அவங்க."

"சரி. ஆனா நான் ஒரு மடிப்பையும் பிரிக்க மாட்டேன். தச்சவங்களே பிரிங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து காஜா எடுத்துக் கொடுப்பாள், சாப்பாடு எடுத்து வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் மிஷின் சத்தத்தைவிட அவள் பேச்சுச் சத்தம்தான் அதிகம். இப்போது மிஷின் மட்டும் ஓடியது.

புதன், வியாழன் இரண்டு நாளும் தையல்காரர் வீடு வீடாகப் போய், கடையில் இருந்த ஆறையும் மடிப்பு பிரித்துக் கொடுத்துவிட்டு, மற்றப் பேன்ட்டுகளை வாங்கி வந்தார். "முள்ளுல மாட்டுதுன்னு நீங்களே கவனிச்சு வரீங்களே, இந்தக் காலத்துல யாருக்கு இந்த அக்கறை வரும்?" என்று நர்ஸம்மா சொன்னாள். வாத்தியார் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பேக்கரிக்காரர் பழைய கோபத்தையெல்லாம் மறந்து ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ரொட்டியை அவர் தாளைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தார். மனைவியும் அதைத் தொடவில்லை.

பிளேடை வைத்து மடிப்பைப் பிரித்தால், உள்ளே மடங்கியிருந்த துணி வெயில் படாமல் புத்தம் புதுப் பச்சையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தப் பட்டை மறையாது. ஒவ்வொன்றிலும் தட்டிய விதைகளை ஒரு பழைய பட்டன் டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார். எதற்காகச் சேர்க்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தூக்கி எறிந்தால் எங்காவது முளைத்துவிடும் என்று ஒரு பயம். அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வனக்காவலர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். சட்டைக் காலர் மாற்ற வேண்டும்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன வேலை இருக்கு. ஆட்டுக்காரம்மா திரும்ப மனு போட்டிருக்காங்க."

தையல்காரர் கையிலிருந்த அளவு டேப் அப்படியே நின்றது. "அவங்கதான் வித்துட்டாங்களே?"

"எல்லாத்தையும் விக்கலண்ணே. பதினோரு குட்டியை அக்கா வீட்டுல விட்டு வச்சிருக்காங்க. இப்ப அதெல்லாம் வளந்து நிக்குது. கிடங்குல தூசியில நின்னு நின்னு அவங்களுக்கு இருமல் வேற. வேலையை விடணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அக்காவும் இந்த மாசத்தோட ஆட்டை ஓட்டிட்டுப் போன்னு சொல்லிட்டா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்ல என்ன இருக்கு? குழு வேண்டாம்னா மேலிடத்துல வேண்டாம்னுதான் எழுதுவாங்க. சரின்னா சரி. வாத்தியார்கிட்ட கேட்டேன், பழைய பதிலையே தேதி மாத்திக் குடுத்துடலாம்னாரு. நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன், நேர்லயே கேட்டுட்டுப் போகட்டும்."

சட்டையைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். உள்ளறையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். அவ்வளவுதான். தையல்காரர் அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அவள் அடுத்த பட்டனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பச்சைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டபோது, மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் புல்வெளிப் பக்கம் வந்ததில்லை.

"நீ எங்க?"

"நானும் வரேன்."

கொட்டகையில் பெஞ்சுகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கால்களிலெல்லாம் அந்தப் புதுப்பச்சைப் பட்டை. ஆட்டுக்காரம்மா உள்ளே வராமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டாள். தையல்காரரின் மனைவி நேராகப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முன்பு ஏற்பட்ட சேதத்தைக் கருதி, மேய்ச்சலுக்கு அனுமதி அளிக்க வேண்டாம் என்று குழு கேட்டுக்கொள்கிறது. "டெய்லர், இங்க ஒரு கையெழுத்து" என்று தாளை மேசைமேல் நகர்த்தி வைத்தார்.

தையல்காரர் எழுந்தார். பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து பட்டன் டப்பாவை எடுத்துத் திறந்து, தாளின்மேலேயே கவிழ்த்தார்.

"என்னய்யா இது?" என்றார் வாத்தியார்.

"மஞ்சத்தலை வெதை. பதினஞ்சு பேரோட பேன்ட்டு மடிப்புலேருந்தும் எடுத்தது." அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "முள்ளுல மாட்டுதுன்னு நான் சொன்னது பொய். கீழே புடுங்கும்போது வெடிச்சு மடிப்புல விழுது. மேலே நடக்கும்போது சிந்துது. நம்ம நடக்கற கோட்டுலதான் மொளச்சிருக்கு. ஆடு இல்ல. நாமதான். நாமன்னுகூட இல்ல, மடிப்பு வச்சுத் தச்சது நான்."

பேக்கரிக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"செவ்வாக்கெழமை."

"அப்ப என் வீட்டுக்கு வந்தப்பவே தெரியும்."

"தெரியும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைவிடக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம் என்று தையல்காரருக்குத் தோன்றியது.

வாத்தியார் எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். தணிந்த குரலில் பேசினார். "சரிய்யா, தெரியாம நடந்தது. அனுமதி குடுக்கலாம்னே எழுதிடுவோம். காரணம் எதுவும் போட வேண்டாம். வெளிய தெரிஞ்சா நாலு ஊரு சிரிக்கும்."

"கேட்டுட்டு நிக்கறாங்க சார்" என்றார் தையல்காரர்.

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். தையல்காரர் அவளிடம் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"தப்பு என்னோடதும்மா. உங்க மேல போட்டேன். நாலு பேரு உங்களைப் பாத்துச் சிரிக்க வச்சேன்."

ஆட்டுக்காரம்மா மேசையில் கிடந்த விதைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும், சாபம்கூட வரும் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் முகத்தில் வந்தது குழப்பம்.

"நெசமா என் ஆடு இல்லீங்களா?"

"இல்லம்மா."

"நான் நம்பிட்டேனுங்களே" என்றாள். "மொதல்ல நம்பல. அப்புறம், இத்தனை படிச்சவங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும், நான் பாக்காதப்ப தின்னுருக்குமோன்னு ஆயிடுச்சு. பொதுவுல இருக்கற புல்லை நம்ம ஆடு அழிச்சிடுச்சேன்னு இருந்துச்சு. கிடங்குல திங்கக்கெழமை லீவு. ரெண்டு வருஷமா திங்கக்கெழமை திங்கக்கெழமை மேலே போயி அந்தச் செடியைத்தான் புடுங்கிட்டிருக்கேன். கெழக்குப் பக்கம் முழுக்க நான்தான் எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கிழக்குப் பக்கம் சுத்தமானதைக் குழு தன் ஆண்டறிக்கையில் போட்டிருந்தது. எழுதியவர் தையல்காரர். எழுதிய வாக்கியம் அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. அவர் கண்ணைத் தூக்கி அவளைப் பார்க்க முடியாமல் அவள் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளில், பிடுங்குகிறவர்களுக்கு மட்டும் வருகிற செடிச்சாற்றின் மஞ்சள் கறை. தன் கையிலும் அதே கறை இருந்தது. ஆனால் இவர் அதை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார், அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் பட்டதெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் மட்டும்தான். அவருக்குச் சேர வேண்டிய வெட்கத்தை இரண்டு வருஷமாக வேறொருத்தி சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறாள்.

"உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

"அனுமதி குடுத்தாப் போதும். அப்புறம் ஒன்னு." அவள் இருமி நிறுத்தினாள். "ஆடு இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எம் பொண்ணு லீவுக்கு வந்தாலும் மேலே வர மாட்டேங்கறா. அவகிட்ட காட்டணும்."

தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். வாத்தியார் தடுக்கவில்லை. மேய்ச்சலுக்கு அனுமதி கொடுக்கலாம் என்று காரணத்தோடு எழுதினார், பேன்ட்டையும் மடிப்பையும் எழுதினார், மனுவில் சொன்னது தவறு, அதை எழுதியவன் நான் என்று எழுதினார். கிழக்குப் பக்கத்தைச் சுத்தம் செய்தது யார் என்பதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். வனக்காவலர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை படித்துவிட்டு, மடித்து அவளிடம் கொடுத்தார்.

அவள் மடிப்பைப் பிரித்தாள். உதடு அசைய, தானே ஒருமுறை முழுசாகப் படித்தாள். பிறகு தாளைத் தையல்காரரிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க" என்றாள். "உங்க வாயால கேக்கணும்."

தையல்காரர் எழுந்து நின்றார். பெஞ்சுகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதல் வரியைப் பாதியிலேயே நிறுத்தினார். அவருடைய மனைவி கதவருகில் ஆட்டுக்காரம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.